ஏறும் நேரம் பத்து நொடி

துங்கபத்திரையின் வடகரையில், ஆனேகுந்திக்கும் சனாபூருக்கும் இடைப்பட்ட கல்மேடுகளில் ஏற வருகிறவர்களுக்கு ஜனவரியில் நாள் இருட்டிலேயே தொடங்கிவிடும். ஐந்தரைக்கு டீ, ஆறு மணிக்கு நடை, கண் தெரிந்ததும் பாறையில் கை. பத்து மணி தாண்டிவிட்டால் கடினமான ஏற்றம் எதையும் தொட்டுப் பயனில்லை. மறுபடி மாலை நாலரைக்கு மேல்தான். இடைப்பட்ட நேரம் முழுக்கக் கருங்கல் வெயிலைக் குடித்துக்கொண்டிருக்கும். சூடேறிய கல்லில் விரல்நுனி வியர்க்கும், வியர்த்த விரல் வழுக்கும். ஷூவின் ரப்பர் இளகிப்போய், நெல்மணி அளவுப் புடைப்பில் நிற்க வேண்டிய கால் உருண்டு நழுவும். காலை ஏழு மணிக்கு ஓர் ஆளின் முழு எடையையும் தாங்கிய விளிம்பு பன்னிரண்டு மணிக்கு அதே ஆளைத் தாங்காது.

கூட வருகிறவர்களிடம் இந்தக் கணக்கை முதல் நாள் இரவே சொல்லிவிடுவது ஒரு பயிற்றுநரின் வழக்கம். ஓசூரில் பிறந்தவர், பெங்களூரில் பாறையேற்றம் கற்றுக்கொடுப்பதைத் தொழிலாக வைத்திருப்பவர். கண்டீரவா ஸ்டேடியத்தின் செயற்கைச் சுவரில் பழகி, ராமநகரப் பாறைகளில் கை முற்றி, அதன்பின் குளிர்காலம் தவறாமல் ஹம்பிப் பக்கம் வருகிறார். இந்த முறை அவருடன் மூன்று பேர். கோவையில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், ஆனேகுந்தியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பையன். மூவருக்குமே அவர் அக்காதான். கோவைப் பெண்ணும் சென்னை இளைஞரும் ஊரில் செயற்கைச் சுவர்களில் ஏறிப் பழகியவர்கள். ஆனேகுந்திப் பையனுக்கு இந்த மேட்டில் எந்தப் பாறையில் எந்த மணிக்கு நிழல் விழும் என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஒரு பயிற்றுநருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது.

போல்டரிங் என்கிற இந்த ஏற்றத்துக்குக் கயிறு இல்லை, இடுப்புப் பட்டை இல்லை. பெரும்பாலான பாறைகள் நான்கு, ஐந்து மீட்டர் உயரம்தான். இறுக்கமான ஒரு ஜோடி ஷூ, சாக் பவுடர் பை, விழுந்தால் தாங்க ஒரு கிராஷ் பேட் இவ்வளவுதான் கருவி. பேட் என்பது சுமார் பத்து சென்டிமீட்டர் கனமுள்ள மடிப்பு மெத்தை. மேலே கெட்டியான நுரை, கீழே மெதுவான நுரை. விழும் விசையை மேலடுக்கு அகலமாகப் பரப்பிவிடும், கீழடுக்கு உள்வாங்கிக்கொள்ளும். 1990களின் தொடக்கத்தில்தான் இது கடைக்கு வந்தது. அதற்கு முன்னால் ஏறியவர்கள் வெறுந்தரையில், கிடைத்தால் ஒரு கம்பளத் துண்டின் மேல் விழுந்தார்கள். அப்படி விழுந்த தலைமுறையின் கணுக்கால்களை நினைத்தால் பயிற்றுநருக்கு மனசு கலங்கும். பேட்டைத் தூக்கிச் சுமக்க யாராவது சலித்துக்கொண்டால் அவர் முகம் மாறிவிடுவதும் அதனால்தான்.

மூன்று பேட்டுகளை முதுகில் மாட்டிக்கொண்டு, நெல்வயல் வரப்பில் நடந்து, வாழைத்தோட்டத்தைத் தாண்டி மேட்டில் ஏறினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை குண்டுப் பாறைகள். ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்த மாதிரி தெரிந்தாலும் எவரும் அடுக்கவில்லை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் குளிர்ந்து இறுகிய கருங்கல் இது. இறுகிய கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் விழுந்தன. வெடிப்பில் இறங்கிய நீர் கல்லை அரித்தது. மூலைகளைப் பல பக்கத்திலிருந்தும் நீர் தாக்கும் என்பதால் அவை முதலில் கரைந்தன. சதுரக் கட்டிகள் மெல்ல மெல்ல உருண்டையாயின. மேல்மண் அடித்துக்கொண்டு போனபின் உருண்டைகள் மட்டும் குவியல் குவியலாக நின்றுவிட்டன. வெயிலும் குளிரும் மாறி மாறி அடிப்பதில் இன்றைக்கும் அவற்றின் மேல்தோல் தகடு தகடாக உரிந்துகொண்டே இருக்கிறது. பாறையேறி பிடிக்கிற விளிம்புகளில் பெரும்பாலானவை இப்படி உரிந்த தகடுகளின் ஓரங்கள்தாம். அதனால் புதுப் பாறை எதுவானாலும் பயிற்றுநர் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. ‘டொக்’ என்று உள்ளே வெற்றிடமாக ஒலித்தால் அந்தத் தகட்டை இழுக்கக் கூடாது.

மேட்டில் ஏறும் வழியில் சில பாறைகளின் ஓரத்தில், ஒரே நேர்க்கோட்டில், விரல் நுழையும் அளவுக் குழிகள் வரிசையாக இருக்கும். முதல்முறை வருகிறவர்கள் பாறையேறிகள் வெட்டிய பிடிகள் என்று நினைத்துக்கொள்வதுண்டு. அவை விஜயநகரத்துக் கல்தச்சர்கள் பாறையைப் பிளக்க ஆப்பு இறக்கிய குழிகள். 1336-இல் தொடங்கி 1565 தலைக்கோட்டைப் போர் வரை தலைநகராக நின்ற ஊர் இந்தக் கல்லிலிருந்துதான் எழுந்தது. பிளக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட பாறைகளும் இங்கே கிடக்கின்றன. பயிற்றுநர் அந்தக் குழிகளில் கை வைக்க விடுவதில்லை. தென்கரையில் கோயில்களும் மண்டபங்களும் இருக்கும் பகுதியில் ஏறுவதைப் பற்றிப் பேச்சே கிடையாது. 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் இடம் அது. ஏறுவதற்கு வடகரையில் ஆயுள் முழுக்கப் போதுமான கல் கிடக்கும்போது, சிற்பியின் கை பட்ட கல்லில் ஷூ ரப்பரைத் தேய்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்பது அவர் கட்சி. இதில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை.

முதல் ஒரு மணி நேரம் சுலபமான சாய்தளங்களில் கழிந்தது. கைப்பிடி இல்லாத சரிவுகளில் காலை நம்பி நடப்பதுதான் அங்கே பாடம். சென்னை இளைஞருக்கு அது பொறுக்கவில்லை; கடினமான பாறை பக்கத்திலேயே நிற்கிறது, இன்னும் கல் சூடாகவில்லை. ஆனால் விரல் சூடாக வேண்டும். விரலை மடக்கும் தசைநாணை எலும்போடு ஒட்டிப் பிடித்திருப்பவை சிறு வளையங்கள். சின்ன விளிம்பில் விரல் முட்டியை மேலே தூக்கி, கட்டைவிரலை மேலே அழுத்திப் பூட்டும் முழுக் கிரிம்ப் பிடியில், விரலின் அடிப்பகுதியிலுள்ள ஏ2 வளையத்தின் மேல் விழும் விசை, விரலை நீட்டிப் பிடிக்கும்போது விழுவதைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் மோதிர விரலில், பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும்படி ‘டப்’ என்று அறும். அறுந்தால் மாதக்கணக்கில் ஓய்வு. காலைக் குளிரில், விறைத்த கையோடு நேரே சின்ன விளிம்பைப் பிடிக்கிறவருக்குத்தான் இது அதிகம் நடக்கிறது.

சாக் பையைத் திறக்கும்போதெல்லாம் பயிற்றுநர் ஜான் கில் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. 1950களில் அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிக்கொண்டிருந்த கணித மாணவர் கில். கம்பியில் தொங்குகிறவர்கள் கையில் பூசும் மெக்னீசியம் கார்பனேட் பொடியைப் பாறைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பின்னாளில் கணிதப் பேராசிரியரானார். அவருக்கு முன்பே பாரிஸுக்குத் தெற்கேயுள்ள ஃபோன்டென்புளோ காட்டு மணற்கற்களில் பிரெஞ்சுக்காரர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு அது ஆல்ப்ஸ் மலைக்குப் போவதற்கான பயிற்சி. சின்னப் பாறையில் ஏறுவதே தன்னளவில் முழுமையான கலை என்று உரக்கச் சொன்னவர் கில். 1969-இல் அவர் எழுதிய கட்டுரை அந்த எண்ணத்தை அமெரிக்கப் பாறையேறிகளிடையே நிலைநாட்டியது. ஹம்பியை உலகப் பாறையேறிகளின் வரைபடத்தில் சேர்த்தது வேறொருவர்: கிறிஸ் ஷர்மா. 2000களின் தொடக்கத்தில் அவரும் நண்பர்களும் இங்கே ஏறியதைப் படம் பிடித்த ‘பில்கிரிமேஜ்’ என்ற ஆவணப்படம் வெளிவந்தபின், குளிர்காலம்தோறும் ஐரோப்பாவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் ஆட்கள் பேட்டோடு வந்து இறங்கினார்கள்.

ஏழரை மணிக்கு முதல் கடினப் பாறை.

நாலு மீட்டர் உயரம். அடிப்பகுதி உள்வாங்கி, முகப்பு நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்கும். உட்கார்ந்த நிலையில் தொடங்க வேண்டும். இடுப்பு உயரத்தில் ஒரு கிடைமட்ட வெடிப்பு. இரண்டு கைக்கும் அதுவே தொடக்கப் பிடி. அங்கிருந்து வலது கை, மூன்று விரலின் முதல் கணு மட்டும் உட்காரும் கிரிம்ப் ஒன்றுக்குப் போக வேண்டும். அந்த விளிம்பில் ஒரு ஃபெல்ட்ஸ்பார் படிகம் துருத்திக்கொண்டிருக்கிறது. அது நேராக மோதிர விரலின் சதையில் குத்தும். குத்துகிற இடத்தில்தான் பிடி உறுதி. வலிக்கிறதென்று விரலை நகர்த்தினால் பிடி போய்விடும். அடுத்து இடது கை, ஓர் எட்டில், உச்சி விளிம்பின் வழவழப்பான வளைவுக்கு. ஸ்லோப்பர் என்பார்கள். விரலைக் கோத்துக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. உள்ளங்கை முழுவதையும் கல்லோடு ஒட்டி, உடம்பைக் கீழே தொங்கவிட்டு, உராய்வால் மட்டுமே நிற்க வேண்டும். கடைசியாக வலது குதிகாலை உச்சி விளிம்பில் மாட்டி, உடம்பை உருட்டி, கைகளால் அழுத்தி மேலே எழ வேண்டும். இவ்வளவும் செய்து முடிக்க ஆகும் நேரம் பத்து நொடி, மிஞ்சினால் பன்னிரண்டு.

இந்தப் பத்து நொடிக்கு முன்னால் அவர்கள் செய்த வேலை அரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. முதலில் ஒரு குச்சியால் பாறைக்கு அடியில் தட்டிப் பார்த்தார்கள், பாம்பு இருக்கிறதா என்று. மேலே நிமிர்ந்து மலைத்தேனீக் கூடு பார்த்தார்கள். இந்தப் பக்கத்துப் பாறைகளின் சாய்ந்த அடிப்புறங்கள் தேனீக்குப் பிடித்த இடம். ஆனேகுந்திப் பையன் பின்பக்கமாகச் சுற்றி உச்சிக்குப் போய், கடைசியில் கை அழுந்தும் இடத்திலிருந்த மணலையும் சருகையும் தட்டிவிட்டான். பிறகு பேட் வைப்பது. தரையில் ஒரு கல் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. இரண்டாவது அசைவில் கை விட்டால் உடம்பு நேர் கீழே விழாது, இடப்பக்கம் ஆடிப் போய் அந்தக் கல்மேல்தான் விழும். அதனால் ஒரு பேட் நேர் கீழே, ஒன்று இடப்பக்கக் கல்லைப் போர்த்தி, மூன்றாவது இரண்டுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளியின் மேல். கணுக்கால் முறிவது பெரும்பாலும் இந்த இடைவெளியில் கால் சிக்கித்தான். சென்னை இளைஞர் பேட்டுகளை அழகாகச் சதுரமாக வைத்தார். பயிற்றுநர் அதைக் கலைத்து, ஆள் எங்கே விழுவான் என்று அவரையே கையை வீசிக் காட்டச் சொல்லி, மறுபடி வைக்கச் செய்தார்.

கீழே நின்று பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை. விழுகிறவரைக் கையில் ஏந்துவது யாராலும் ஆகாது; இடுப்பையும் தோளையும் தொட்டு, கால் முதலில் பேட்டில் படும்படி திருப்பிவிடுவதுதான் முடியும். தலை கல்லில் மோதாமல் காப்பது எல்லாவற்றுக்கும் மேல். விரல்களை விரித்து நீட்டினால் விரல் உடையும். சேர்த்துக் குவித்து, கட்டைவிரலை உள்ளே ஒட்டி வைக்க வேண்டும். முள்கரண்டி வேண்டாம், அகப்பை வேண்டும் என்று பயிற்றுநர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். விழுகிறவருக்கும் பாடம் உண்டு: கையைப் பின்னால் ஊன்றாதே, இரண்டு காலிலும் இறங்கு, முழங்காலை மடக்கி, அப்படியே முதுகுக்கு உருண்டுவிடு.

சென்னை இளைஞர் உயரமானவர். கிரிம்பிலிருந்து உச்சிக்கு அவருக்கு எட்டியது. ஆனால் உச்சியைத் தொட்டதும் இடுப்பு பாறையிலிருந்து விலகி, உடம்பு கதவு திறப்பது மாதிரி வெளியே ஆடிப் போனது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் விழுந்தார். கையில் பலம் போதவில்லை என்று அவர் நினைத்தார். பயிற்றுநர் கையைப் பார்க்கவேயில்லை, அவர் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “உச்சியத் தொட்டதும் கட்டைவிரலத் தூக்கிடற. பாதத்த உள்ள திருப்பி, கல்ல உன் பக்கமா இழு. காலாலயும் இழுக்கணும்டா.” அடுத்த முயற்சியில் இடுப்பு ஆடவில்லை.

கோவைப் பெண்ணுக்கு அந்த எட்டு எட்டாது. சாண் அளவுக்குக் குறைகிறது. ஏறும் முறைக்குப் பாறையேறிகள் வைத்திருக்கும் பெயர் பீட்டா. ஓர் ஆளுக்குப் பொருந்தும் பீட்டா இன்னோர் ஆளுக்குப் பொருந்தாமல் போவதை இந்தத் தொழிலில் தினமும் பார்க்கலாம். பயிற்றுநர் அவளுக்கு வழி சொல்லவில்லை. பாறைக்கு முன்னால் உட்காரவைத்து, கண்ணால் ஏறிப் பார்க்கச் சொன்னார். அவள் நெடுநேரம் பார்த்தாள். கிரிம்புக்கும் உச்சிக்கும் நடுவே, இடப்பக்கம் ஒதுங்கி, பட்டாணி அளவில் ஒரு படிகம். அதைப் பிடித்துத் தொங்க முடியாது. ஆனால் இடது கையின் இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, அந்த ஒரு கணத்தில் வலது காலை இன்னும் உயரத்துக்கு மாற்ற முடியுமானால் உச்சி எட்டும். அவளே கண்டுபிடித்த வழி. ஷூவின் அடியை உள்ளங்கையால் ‘கிறீச்’ என்று சத்தம் வரும்வரை தேய்த்து மண்ணை நீக்கினாள். பன்றிமயிர்த் தூரிகையால் அந்தப் படிகத்தைத் துலக்கினாள். கம்பித் தூரிகை கல்லைத் தேய்த்துவிடும், இந்தக் கூட்டத்தில் யாரும் அதை வைத்துக்கொள்வதில்லை.

முதல் முயற்சியில் படிகம் விரலில் நிற்கவில்லை. உடனே மறுபடி ஏறப் போனவளைப் பயிற்றுநர் தடுத்து உட்காரவைத்தார். கடினமான சில நொடி ஏற்றத்துக்குத் தசை எரிப்பது தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் உடனடி எரிபொருளை. அது மறுபடி நிறைய மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். பொறுக்காமல் ஏறுகிறவர் ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடப் பலம் குறைந்த ஆளாகவே ஏறுகிறார். இளையவர்களிடம் அவருக்கு இருக்கும் பெரிய ஆதங்கம் இதுதான்: முயற்சிகளின் எண்ணிக்கையை உழைப்பென்று நினைத்துவிடுகிறார்கள். உட்கார்ந்திருப்பதும் உழைப்பில் சேர்த்திதான்.

அடுத்த முறை படிகம் நின்றது. கால் மாறியது. உச்சியில் இடது உள்ளங்கை ஒட்டியது. “விடாத, இழு!” என்று மூன்று குரல்கள். குதிகால் மேலே போய் மாட்டிக்கொண்டது. அங்கேதான் பலரும் சறுக்குவார்கள், ஏறிவிட்டோம் என்ற நினைப்பில். அவள் அவசரப்படவில்லை. மார்பை விளிம்புக்கு மேல் கொண்டுவந்து, வலது உள்ளங்கையைத் திருப்பி ஊன்றி, எழுந்து நின்றாள்.

பத்து மணிக்குக் கல் சுடத் தொடங்கிவிட்டது. வேப்ப நிழலில் பேட்டுகளை விரித்து, வாழைப்பழமும் சித்ரான்னமும் சாப்பிட்டுவிட்டுக் கைகளைப் பார்க்க உட்கார்ந்தார்கள். கருங்கல் ஏறுகிறவருக்குத் தோல்தான் மூலதனம். தசை களைப்பதற்கு முன் தோல் தீர்ந்துவிடும். விரல் கணுவில் தடித்த காய்ப்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்க வேண்டும்; தடிப்பு ஓரம் கல்லில் மாட்டினால் தோல் மடிப்போடு கிழிந்து வந்துவிடும். நுனித்தோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். கையைக் கழுவி, சாக் பொடி போகத் துடைத்து, களிம்பு தடவி, மாலைக்குள் அது காய்ந்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். பயிற்றுநர் ஒவ்வொருவரின் பத்து விரலையும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

பேச்சு தர அளவுகளுக்குத் திரும்பியது. போல்டரிங்கில் பெரும்பாலும் புழங்கும் வி அளவு, ஜான் ஷெர்மன் என்ற அமெரிக்கர் டெக்சாஸின் ஹுவேகோ டாங்க்ஸ் பாறைகளுக்கு 1991-இல் எழுதிய வழிகாட்டி நூலோடு வந்தது. வி0-இல் தொடங்கி 2016-இல் வி17-ஐ எட்டியது. பின்லாந்தில் லாப்னோர் என்ற இடத்திலுள்ள ‘பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்’ பாறையை நல்லே ஹுக்காட்டைவால் பல ஆண்டு முயன்று அந்த ஆண்டில் ஏறி, அதற்கு அந்த அளவைக் கொடுத்தார். அடுத்து ஏற ஆள் வந்தது 2023-இல்தான். பிரிட்டனின் வில் போஸி, அந்தப் பாறையின் பிடிகளை அளந்து அச்சிட்ட நகலை வைத்து ஊரிலேயே பழகிவிட்டுப் போய் ஏறினார். ஒரு சில அசைவுகளுக்காக இத்தனை தயாரிப்பு. சென்னை இளைஞர் அதைக் கேட்டு வியந்தார். பயிற்றுநருக்கு அதில் வியப்பில்லை. காலையில் அவர்கள் மூன்று பேட்டுக்கும் ஒரு படிகத்துக்கும் செலவிட்ட கவனம் அதே குலத்தைச் சேர்ந்தது என்றே அவர் நம்புகிறார்.

தயாரிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் ஏறுகிற ஒருவரைப் பற்றியும் பேச்சு வந்தது: சித்திரதுர்கா கோட்டைச் சுவரைக் கயிறில்லாமல் ஏறிக் காட்டும் ஜோதிராஜ். தேனிப் பக்கம் பிறந்து கர்நாடகத்தில் கொத்து வேலை செய்தவர். பார்க்கிறவர்களுக்கு அது அசட்டுத் துணிச்சலாகத் தெரியலாம். ஆனால் அதே சுவரில் அதே இடுக்குகளை நாளும் பிடித்துப் பழகிய கை அது. கோட்டைக் கல் ஒவ்வொன்றின் நடத்தையும் அந்தக் கைக்குத் தெரியும். புதிதாக வந்து பார்த்துவிட்டு நாமும் ஏறலாம் என்று கிளம்புகிறவருக்கு அந்தப் பழக்கம் இருக்காது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எதிரே அஞ்சனாத்ரி மலையின் வெள்ளைப் படிக்கட்டு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அனுமன் பிறந்த இடம் என்று மக்கள் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். சுற்றுவட்டாரம் முழுக்கவே கிட்கிந்தை. நம்மூரில் கம்பராமாயணத்தில் கிட்கிந்தா காண்டம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாறைக் குவியலைப் பார்த்ததும் வானர சேனையின் இருப்பிடம் சட்டென்று விளங்கிவிடும். நிழலில் வைத்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போன குரங்கு, காலையில் இவர்கள் அரை மணி நேரம் ஆராய்ந்த பாறையின் பின்பக்கத்தில் இரண்டே தாவலில் உச்சிக்குப் போனது.

பெரிய மாற்றங்களைக் கண்ட ஊர் இது. ஆற்றுக்கு நடுவே விருபாபுர கட்டியில் பாறையேறிகள் தங்கிய விடுதிகள் நிறைய இருந்தன. பாதுகாக்கப்பட்ட பகுதியில் சட்டத்துக்குப் புறம்பாகக் கட்டியவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் 2020-இல் அவை இடிக்கப்பட்டன. இப்போது தங்குவது சனாபூர் பக்கத்தில். விடுதிக்காரர்கள், பேட் வாடகைக்கு விடுகிறவர்கள், வழிகாட்டும் பையன்கள் எல்லோருக்கும் பிழைப்பு பாறையேறிகளை நம்பி இருக்கிறது. பாறைகள் விவசாயிகளின் நிலத்தையும் மேய்ச்சல் காட்டையும் ஒட்டியவை. வேலியைத் தாண்டி ஒரு முறை நெல்லை மிதித்தால் அந்தப் பாதை அடைபடும். அதனால்தான் பயிற்றுநர் வரப்பில் எதிர்ப்பட்ட பெரியவரிடம் நின்று, பயிர் எப்படி என்று விசாரித்து, அவர் தலையசைத்தபின் நடந்தார்.

மாலை ஐந்து மணிக்குப் பயிற்றுநரின் சொந்தப் பாறை. சில குளிர்காலங்களாக அவர் முயன்றுவரும் புராஜெக்ட். குகை வாய் போன்ற கூரையின் உள்ளிருந்து தொடங்கி, தலைகீழாகத் தொங்கியபடி வெளி விளிம்புக்கு வந்து, அங்கிருந்து ஒரு செங்குத்து முகப்பில் உச்சிக்கு. கீழே தரை சரிவு. உச்சியிலிருந்து விழுந்தால் பேட்டில் பட்டு உருள வாய்ப்புண்டு. அதனால் கூரையைவிட, யாரும் பொருட்படுத்தாத மேல்முகப்பைத்தான் அவர் முதலில் கவனித்தார். பின்வழியாக உச்சிக்குப் போய்க் குப்புறப் படுத்து, கைக்கு எட்டிய பிடிகளை எல்லாம் தட்டிப் பார்த்தார். இடப்பக்கம் ஒரு தகடு ‘டொக்’ என்றது. நல்ல ஆழமான பிடி. ஏறி வருகிறவர் கை தானாகவே அதற்குத்தான் போகும். கீழே நின்ற மூவரிடமும் அதைக் காட்டி, “இது நமக்குக் கிடையாது” என்றார். வலப்பக்கம் மெல்லிய இரண்டு விளிம்புகள் மட்டும் மிச்சம். அவற்றிலிருந்த பாசியைத் துலக்கிவிட்டு இறங்கினார்.

காற்று ஆற்றுப் பக்கத்திலிருந்து வீசத் தொடங்கியது. கல்லில் புறங்கையை வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று உட்கார்ந்தார். வெயில் பாறையை விட்டு விலகி, புறங்கைக்குக் குளிர்ச்சி தட்டியபின்தான் ஷூவை மாட்டினார்.

கூரைக்கு உள்ளே இரண்டு கையும் ஒரு வெடிப்பில். இடது குதிகாலைத் தலைக்கும் அப்பால் ஒரு விளிம்பில் மாட்டி இழுத்ததும் முதுகு தரையை விட்டு எழுந்தது. இந்த இழுப்பில் உடம்பைத் தாங்குவது தொடையின் பின்தசை. கைக்கு வேலை பாதிதான். வலது கை வெளி விளிம்புக்கு. அங்கே அகலமான பிடி இருக்கிறது, ஆனால் கீழ்நோக்கிச் சரிந்தது. குதிகாலை எடுக்கும்போது உடம்பு முழுவதும் வெளியே வீசும். வீச்சை அடக்கவே முந்தைய குளிர்காலங்கள் எல்லாம் செலவாயின. இந்த முறை அவர் குதிகாலை எடுக்குமுன் வலது கால் விரலால் கூரையின் அடிப்புறத்தை மேல்நோக்கிக் கொக்கி போட்டார். வீச்சு பாதியாகக் குறைந்தது. இடது கையும் வெளி விளிம்பைப் பிடித்தது. பிறகு முகப்பு. இடப்பக்கத்துப் பெரிய தகடு கண்ணுக்கு நேரே தெரிந்தது. அவர் அதைத் தொடவில்லை. வலப்பக்கத்து மெல்லிய விளிம்பில் நான்கு விரலை ஒவ்வொன்றாக வைத்து, காலை உயர்த்தி, அடுத்த விளிம்பு, உச்சி. மேலே நின்று அவர் போட்ட சத்தம் வயல் வரை கேட்டிருக்கும். கீழே ஆனேகுந்திப் பையன் குதித்துக்கொண்டிருந்தான்.

இறங்கி வந்ததும் தரம் பற்றிய வாக்குவாதம். சென்னை இளைஞர் வி7 என்றார். பையன் தலையாட்டி மறுத்தான். கூரையில் கால் கொக்கி போடத் தெரிந்துவிட்டால் அது வி6-தான் என்பது அவன் தீர்ப்பு. பயிற்றுநர் எண் எதையும் சொல்லவில்லை. உயரமும் கைநீளமும் வேறுபட்ட நாலைந்து பேராவது ஏறினால்தான் ஒரு பாறையின் தரம் நிலைக்கும். தன் குறிப்பேட்டில் அவர் எழுதிக்கொண்டது வேறு: மேல்முகப்பின் இடப்பக்கத் தகடு ஆபத்து, மூன்று பேட் கட்டாயம், ஒன்று சரிவின் கீழ்ப்பக்கம், மாலை ஐந்தரைக்கு முன் முயல வேண்டாம்.

பிடிகளில் படிந்த வெள்ளைப் பொடியை நால்வருமாகத் தூரிகையால் தேய்த்து நீக்கினார்கள். அடையாளத்துக்கு இழுத்த சாக் கோடுகளையும் ஈரத்துணியால் அழித்தார்கள். இருட்டியபின் இந்தப் பாறைகளுக்கு நடுவே நடப்பது நல்லதல்ல. சிறுத்தையும் கரடியும் உள்ள பகுதி இது. பேட்டுகளை மடித்துக் கட்டி, தலைவிளக்கைப் பொருத்திக்கொண்டு கூட்டமாகவே இறங்கினார்கள்.

வழியில் கோவைப் பெண் கேட்டாள். “அக்கா, நாளைக்குக் காலைல நானும் அந்தக் கூரைய முயற்சி பண்ணட்டுமா?”

பயிற்றுநர் நின்று, விளக்கை அவள் கையின் மேல் காட்டினார். மோதிர விரலின் நுனியில், காலையில் படிகம் குத்திய இடத்தில், மயிரிழைபோல் ஒரு பிளவு.

“நாளைக்கு வேணாம் கண்ணு. நாளான்னிக்குப் பண்ணலாம். நாளைக்குப் பரிசல்ல அக்கரைக்குப் போய் விட்டலர் கோயில் பாத்துட்டு வருவோம், கைக்கு லீவு. ராத்திரி களிம்பு போட மறந்துடாத.”